பாய்க்குக் கீழே ஒரு படகு

ஜூலை 18, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட இவர் பனியன் எதிர்வீட்டுக் கொய்யா மரத்தில். ஆடி இப்போதுதான் பிறந்தது, அதற்குள் கல்பாக்கம் முழுக்கக் கதவு அறையும் சத்தம்.

சனி, ஞாயிறு செங்கல்பட்டு ஏரியில் பாய்ப்படகுப் பந்தயம். வாங்க: நைலான் கயிறு, பாய் ஒட்டும் டேப், குளுக்கோஸ், கடலை உருண்டை. தேடி எடுக்க: என் பழைய ஸ்வெட்டர் இரண்டு. நனைத்துப் போட்டுக்கொண்டால் எடை கூடும். பலமான காற்றில் படகு கவிழாமல் இருக்க, ஆள் வெளியே சாய்ந்து தொங்க வேண்டும். நான் ஐம்பது கிலோ. ஈர ஸ்வெட்டரோடு ஐம்பத்து மூன்று. தவளை மாதிரி இருப்பேன், பரவாயில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர், தட்டைப் பார்த்துக்கொண்டே: "காத்து ஜாஸ்தியா கீது. கணேஷ இட்டுகினு போறேன். நீ கரையில இரு."

நான்கு வருடமாக எங்கள் பந்தயப் படகில் பின்னால் சுக்கான் பிடிப்பது இவர், முன்னால் உட்கார்வது நான். கணேஷ் இவருடைய கருங்குழி சிநேகிதர், ஏசி மெக்கானிக், தொண்ணூறு கிலோ. தங்கமான மனிதர். அவரைத் திட்ட ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அது வேறு எரிச்சல்.

ரசம் ஊற்றி டம்ளரை வைத்தேன். தட்டிவிட்டார். இந்த வாரம் இது எத்தனையாவது டம்ளர். கோபம் என்றால் வாயைத் திறந்து சொல்லலாம், பாத்திரத்தில் காட்ட வேண்டாம்.

பெண் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச்சே கிடையாது. படகில்தான் பேசுகிறார். "இழு." "விடு." "குனி." அவ்வளவுதான். நான் பாய்க்குக் கீழே குனிந்து, அது மறைக்கும் பக்கம் பார்த்து, "கீழ ஒருத்தன் வர்றான்" என்பேன். "ம்" என்பார். அந்த "ம்" எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும். இப்போது அதுவும் கணேஷுக்கு.

ஜூலை 19, வெள்ளி

வெயில், மணல் காற்று. பள்ளியில் என் ஏழாம் வகுப்புப் பையன்கள் ஜன்னலைச் சாத்தவும் விடவில்லை, திறக்கவும் விடவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இவர் பைக் வந்தது. கை தூக்கினேன். என்னை உரசாத குறையாகப் போனார், தலையைத் திருப்பவில்லை. கூட நின்ற ஹிந்தி டீச்சர்: "இன்னா டீச்சர், சார் நிக்காம போறாரு?" அவசர வேலை என்றேன். முகம் எரிந்தது.

பார்த்தும் பார்க்காத மாதிரி. இதற்கு முன்னாலும் இரண்டு மூன்று முறை. வீட்டில் அடுப்படி வாசலில் நான் நின்றால் மேலே வந்து இடிக்கிறார், இடித்துவிட்டு "நவுரு" என்கிறார். ராத்திரியில் இப்போதெல்லாம் வண்டி எடுப்பதில்லை. பெட்ரோல் விலையாம்.

யாரிடம் சொல்ல. அம்மாவிடம் சொன்னால் நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

இட்லி மாவு தீர்ந்தது. ஸ்வெட்டர்களைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இந்த மனுஷனுக்கு நான் வேண்டாமோ என்று பயம். அதுதான் விஷயம், சுற்றி வளைக்காமல் எழுதிவிட்டேன்.

ஜூலை 20, சனி

ஏரி பூராவும் நுரை. ரயில் பாதை ஓரம்வரை அலை அடிக்கிறது. தாம்பரம் போகும் ரயிலிலிருந்து ஜனம் கை காட்டுகிறது, அவர்களுக்கு வேடிக்கை.

வெறுமனே கரையில் உட்கார மனம் வரவில்லை. மீட்புப் படகுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், ஏறிக்கொண்டேன். ஓட்டுபவர் ஏழுமலை, கடப்பாக்கத்துக்காரர். "உங்க வூட்டுக்காரரு தனியா வுட்டுட்டாரா அக்கா?" சிரித்துவைத்தேன்.

முதல் பந்தயம், தொடக்கக் கொடி இறங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது. எல்லாப் படகும் புறப்படும் கோட்டருகே நெருக்கிக்கொண்டு. காற்று எல்லாருக்கும் வலப்பக்கம். அப்படி நெருங்கும்போது காற்றுக்கு மேலே, அதாவது காற்று வரும் பக்கம் இருப்பவர் கீழே இருப்பவருக்கு வழி விட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவருக்கு இடப்பக்கம், கீழே, ஒரு சிவப்புப் பாய். புதுச்சேரிப் பெண்கள் இரண்டு பேர். "மேல, மேல" என்று விலகச் சொல்லிக் கத்துகிறார்கள். எங்களுக்கே கேட்டது. இவர் முகம் அவர்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியது. அப்புறம் படகை அந்தப் பக்கமே விட்டார்.

மடேர். அவர்கள் படகின் பக்கம் பிளந்தது. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு வீக்கம், எலும்பு முறியவில்லை. நான்தான் ஐஸ் கட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அந்த ஆள் எங்கள பாத்துக்கினே ஏத்தினான் ஆன்ட்டி" என்றாள். அந்த ஆள் என் வீட்டுக்காரர் என்று நான் சொல்லவில்லை.

டீக்கடையில் யாரோ: "திமிருப்பா. பெரிய ஆளுன்னு நெனப்பு."

மதியம் விசாரணை. பந்தயத்தில் இடித்தால் அன்றே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பது வழக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் இவரும் கணேஷும் அந்தப் பெண்களும். நான் சாட்சி.

"சிவப்புப் பாயப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"அவ்ளோ கிட்டக்க வந்ததா?"

"பாக்கல சார்."

கணேஷ் குறுக்கே: "நான் பாய்க்குக் கீழ குனிஞ்சி பாத்து சொல்லணுமாம் சார். இந்தத் தொப்பைய வச்சிகினு எங்க குனியறது? இவரும் முன்னாடி அத்த சொல்லல." யாரோ சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கக் கை நீட்டினார். கிளாஸ் இடப்பக்கம் இருந்தது. விரல் அதில் மோதி, கிளாஸ் உருண்டு, காகிதமெல்லாம் ஈரம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரச டம்ளர் இடப்பக்கம். பள்ளிக்கூட வாசலில் நான் நின்றது இடப்பக்கம். அடுப்படி வாசல் இடப்பக்கம். ஒன்றுவிடாமல்.

என்னைக் கேட்டார்கள். "நீங்க பாத்தது என்ன மேடம்? தெரிஞ்சே ஏத்தினாரா?"

"அவருக்குத் தெரியல" என்றேன். வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பந்தயம் இவருக்குக் கணக்கில் இல்லை என்று தீர்ப்பு. இவர் என்னைப் பார்த்தார். முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வந்தோம். பைக் படகு கிளப்பிலேயே நிற்கட்டும் என்றேன், ஏன் என்று கேட்கவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

காற்று நேற்றைவிட மோசம். நான்கு படகு இறங்கவே இல்லை.

ஏரிக்கரை, வேப்ப மரத்தடி. இவர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் போய் நின்று கையை ஆட்டினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனதும் திடுக்கிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"டாக்டராண்ட போனீங்களா?"

"போனா பைக் கெடையாது, படகு கெடையாதும்பான். எங்கப்பாவுக்கும் இப்டிதான் ஆரம்பிச்சிது."

மாமனாரைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரே முறை பார்த்தேன். சுவரைத் தடவிக்கொண்டு வந்து என் தலையில் கை வைத்தார்.

"அப்ப எதுக்கு என்ன எறக்கி வுட்டீங்க? நான் சொல்லிகினு இருந்திருப்பேன்ல?"

"நீ சொல்லி சொல்லிதான் இவ்ளோ நாளு ஓட்டுனேன். போன மாசம் சட்ராஸ் உப்பங்கழியில நீ தும்மி, சொல்லாம வுட்ட பாரு, அப்ப ஒரு கம்பத்துல இடிச்சிருப்போம். உன் தல அங்கதான் இருந்திச்சி. கணேஷுன்னா தடியன், தாங்குவான்னு நெனச்சேன்."

கோபம்தான் முதலில் வந்தது. பேச்சை மட்டும் வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு என்னை இத்தனை மாதம் என்னென்னவோ நினைக்கவைத்த கோபம். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள், அதே இடப்பக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்திருக்கும், கணேஷ் கடலை உருண்டையோடு வந்தவர் அப்படியே திரும்பிப் போனார். இவர் பாயைச் சுருட்டுவதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கடைசிப் பந்தயம் ஒண்ணு கீது" என்றார் அப்புறம். "வர்றியா?"

"மாட்டேன். பைக் சாவியக் குடுங்க."

கொடுத்தார். என் கையைத் தேடவில்லை, என் கை எங்கே என்று தெரிந்தது, வலப்பக்கம் நீட்டியிருந்தேன்.

புதுச்சேரிப் பெண்களிடம் போய்ச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்றாள்.

மற்றவர்களின் பாய்கள் போவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். எத்தனை தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

மேகமூட்டம். காற்று அடங்கிவிட்டது, இப்போது எதற்கு அடங்குகிறதோ.

பள்ளிக்கு லீவு சொன்னேன். செங்கல்பட்டில் கண் டாக்டர். எடுத்துக்கொண்டது: குடை, தண்ணீர் பாட்டில், ஆதார் நகல், பிஸ்கட். பழக்க தோஷம், வாசலில் பைக் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றார். கூப்பிட்டேன், வந்தார்.

பஸ்ஸில் கூட்டம். எனக்கு இடப்பக்க ஜன்னல் ஓரம், அவருக்கு என் வலப்பக்கம். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது கண்டக்டர் மாதிரி ஒரு குரலில், நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வசந்தி, எங்க போயிட்ட?"

தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரோ பயணியின் தோள் என்று நினைத்திருக்கிறார்.

எழுந்து, அவரை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு, வலப்பக்கம் உட்கார்ந்தேன்.

"ம்" என்றார்.