போறணைக்கு வைத்த பூ

கொலோன்
21.09.2025

அன்பு மகள் கவிசாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என்னுடைய இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கும் நவம்பரில் டொக்டரிடம் டெர்மின் கிடைத்திருக்கிறது, ஆகவே நீ கவலைப்பட வேண்டாம். ஒக்லாந்தில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. ஒவ்வொரு நாளும் வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிற மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். சில விஷயங்களை முகம் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. உன்னைப் பத்து வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதன் பலன் இன்றைக்குத்தான் தெரியப் போகிறது, ஆறுதலாக எழுத்துக்கூட்டி வாசி.

போன கிழமை பல்கேரியாவுக்குப் போய் வந்தோம் அல்லவா, படங்கள் அனுப்பியிருந்தேன். அனுப்பாத படம் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வூதியம் எடுப்பவர்கள் முப்பது பேர் போனோம், அதில் தமிழர் நானும் அம்மாவும் யோசப் அண்ணையும்தான். மூன்றாம் நாள் ஒரு காட்டு மேட்டில் பழைய மடம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். எழுநூறு வருடத்துக்கு முன் கிறிஸ்தவத் துறவிகள் இருந்த இடமாம், இப்போது கூரையும் இல்லை, துறவியும் இல்லை, இடுப்பளவு கல்சுவர்களும் முள்ளும்தான். வழிகாட்டிப் பெண் வாசலில் நின்று சரித்திரம் சொல்லத் தொடங்கினாள். எனக்குச் சரித்திரம் எதற்கு, கோயில் என்றால் கோயில்தானே என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனேன். முள்ளுக் குத்தும் என்றாள் அம்மா. குத்தியது. உள்ளே ஓரிடத்தில் நடுவிலே வட்டமான கல் மேடை, அதன் மேல் பாதி இடிந்த வளைவு, கல்லெல்லாம் கரி பிடித்துக் கறுத்திருந்தது. எத்தனை தலைமுறை இங்கே விளக்கு எரித்ததோ என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் மூலஸ்தானம் என்று முடிவுகட்டி, காட்டுப்பூ நாலு பறித்து வைத்து, மூன்று தரம் சுற்றிவந்து கும்பிட்டேன். என் பக்தியைக் கண்டு இரண்டு ஜெர்மன் பெண்மணிகளும் பக்கத்தில் வந்து தலை குனிந்து நின்றார்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்தது. நீ இப்போது வேலை செய்கிற அந்த ஆஸ்பத்திரியில் உனக்கு நிரந்தர வேலை கிடைக்கக் கூடாது என்று வேண்டினேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடிய நீ நியூசிலாந்தை விட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று. நேர்முகத்துக்கு முதல் நாள் உனக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று சொன்ன அதே வாயால்தான் கேட்டேன். நீ திரும்பி வந்தால் இங்கே ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்குக் காவடி எடுப்பதாக நேர்த்தியும் வைத்தேன், இந்த முழங்காலோடு.

கண்ணைத் திறந்தால் யோசப் அண்ணை நிற்கிறார். "தம்பி, உது போறணையெல்லே. சாமியார்மார் பாண் சுட்ட அடுப்பு. பீடம் அங்காலை, கிழக்குப் பக்கம் கிடக்கு" என்றார். இருபத்தாறு வருடம் பிட்சாக் கடையில் போறணைக்கு முன்னால் நின்று வெந்தவன் நான். அதை விட்டு ஒரு வருடம் ஆகவில்லை, மலை ஏறிப் போய் இன்னொரு போறணையைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படத்தை எடுத்ததும் அவள்தான், கேட்டால் அனுப்புவாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கு மனம் ஆறவில்லை. வேண்டுதல் போய்ச் சேரவில்லையே, சரியான இடத்தில் இன்னொரு தரம் கேட்டுவிடுவோம் என்று, தொப்பியை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி இறங்கினேன். தொப்பி தலையில் இருந்தது. போறணையில் வைத்த பூவையே எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கிழக்குப் பக்கம் போனேன். பீடம் என்று ஒரு உடைந்த கல்தான் மிச்சம். அதில் பூவை வைத்துவிட்டுக் கேட்பதற்குக் கண்ணை மூடினேன். நீ முதல் நாள் வேலைக்குப் போய், சட்டையில் குத்திய பெயர் அட்டையைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டிச் சிரித்தாயே, அதுதான் கண்ணுக்குள் நின்றது. அப்படி ஒரு சிரிப்பை நான் இந்த வீட்டில் கண்டதில்லை, பிள்ளை. அதைப் பிடுங்கித் தா என்று எந்தச் சாமியிடம் கேட்பது? வேலை அவளுக்கே கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். இருபது நிமிடம் பிந்திவிட்டேன், பஸ் முழுக்க மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடம் சேர்த்த நல்ல பெயர் அன்றைக்கே போயிற்று.

நான் என்ன வேண்டினேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவள் மனதிலும் அதே வேண்டுதல் இருக்கிறதா என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. நீ என்னோடு கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை. வேலை கிடைத்தால் பீடம் கேட்டது என்று வை, கிடைக்காவிட்டால் போறணை முந்திக்கொண்டது, அதற்கு நான்தான் பொறுப்பு, காவடியும் எடுப்பேன்.

அம்பாள் உனக்குத் துணை நிற்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. குளிருக்கு மேல்சட்டை போடாமல் வெளியே போகாதே. ஆஸ்பத்திரியில் இருந்து பதில் வந்த உடனே எந்த நேரமென்று பாராமல் எங்களுக்குப் போன் எடு. கிடைத்தது என்றால் நான் கொஞ்ச நேரம் கமராவை நிறுத்தி வைப்பேன், ஏன் என்று கேட்காமல் அம்மாவோடு கதைத்துக்கொண்டிரு.

இப்படிக்கு,
போறணை கும்பிட்ட உன் அப்பா,
தபோதரன்