அத்திப்பள்ளிக்குப் போன காரணம்

ஓசூர்,
10.9.2008

அன்புள்ள அத்தானுக்கு,

பூங்கொடி எழுதுகிறேன். அத்தை, மாமா, நான் மூவரும் உங்கள் நினைவோடு இருக்கிறோம். அங்கே சவுதியில் நோன்பு மாதம் என்று டிவியில் சொன்னார்கள். பகலில் உங்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறதா, வெயிலில் நிற்க வைத்து வேலை வாங்குகிறார்களா என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது.

மாமாவுக்கு வலது கை கொஞ்சம் தேறியிருக்கிறது. டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கிறார். காலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார். ஆனால் பேச்சு இன்னும் குழறுகிறது. மறுபடியும் ஒரு அதிர்ச்சி வந்தால் தாங்காது, எதையும் சட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் போன வாரமும் எச்சரித்தார்.

உங்கள் அறைத் தோழர் ஸ்ரீராம் அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறார். எள்ளுருண்டையும் பருப்புப் பொடியும் கட்டியிருக்கிறேன். அதோடு இந்தக் கவரையும் அவர் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை நீங்கள் வீட்டுப் போனில் கூப்பிடும்போது இதையெல்லாம் சொல்ல முடியாது. இரண்டே அறை உள்ள வீடு, என் செல்லில் வெளிநாட்டுக்குக் கூப்பிடும் வசதியும் இல்லை. வெளியே பூத்தில் போய்ப் பேசலாம் என்றால், நான் வாசல் தாண்டுவதே இப்போது வீட்டில் ஒரு கேள்வியாகிவிட்டது. அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

கேமரா விஷயம்தான். மாமா கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கிய பணத்தில் உங்களுக்கு வாங்கிக் கொடுத்த கேமரா. இனிமேல் கல்யாண போட்டோ எடுக்க நேரம் ஏது, பீரோவில் கிடந்து பூஞ்சை பிடிக்கும், நெட்டில் போட்டு விற்றுவிடு, அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்னபடியே செய்தேன். பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படமும் என் செல் நம்பரும் போட்டேன். நிறைய பேர் கூப்பிட்டுப் பாதி விலைக்குக் கேட்டார்கள். விஜயகுமார் என்று ஒருத்தர்தான் பேரம் பேசவில்லை. பெங்களூரில் ஸ்டூடியோ வைத்திருப்பதாகச் சொன்னார். நம் ஊர்ப்பக்கத்துத் தமிழ். எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம் தங்கச்சி, நீங்க கோவில்பட்டியா என்று கேட்டார். தங்கச்சி என்று கூப்பிட்டதும் எனக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. கொரியரில் இன்சூரன்ஸ் போட வேண்டும் என்று ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டார். ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினேன்.

பணமும் வந்தது அத்தான். பாஸ்புக்கில் பதிந்து என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பேசிய விலையைவிட மூன்று மடங்கு வந்திருந்தது. நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டார். இன்னொருவருக்குப் போக வேண்டியதையும் சேர்த்து ஆபீஸ் பையன் உங்க அக்கவுண்டில் கட்டிட்டான், அவன் வேலை போயிடும் தங்கச்சி, மீதியை இந்த நம்பருக்கு மாத்தி விட்டுடுங்க என்று கெஞ்சினார். அடுத்தவர் பணம் நம்மிடம் ஒரு இரவுகூடத் தங்கக் கூடாது என்று அன்றைக்கே மாற்றிவிட்டேன். கேமராவை எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு லாட்ஜ் விலாசத்துக்கு கொரியரில் போட்டேன். ஸ்டூடியோ ஆள் அங்கே தங்கியிருக்கிறான் என்றார். நான் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

ஆகஸ்டில் வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனார். மேனேஜர் கூப்பிட்டார். அவர் அறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர். வெயிலில் காய்ந்த முகம். கையில் ஒரு சலானைப் பிடித்திருந்தார். மேனேஜர் என் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீதானா அது?" என்று கேட்டார். எது என்றுகூட எனக்குத் தெரியாது.

அவர் பெயர் நாகம்மா. தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஊர். மகள் சுகுணா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். கம்ப்யூட்டர் வேண்டும் என்று மகள் கேட்க, நெட்டில் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டு மலிவாக வந்திருக்கின்றன என்று விளம்பரம் பார்த்திருக்கிறார்கள். ஒன்று மகளுக்கு, இன்னொன்று அண்ணன் மகனுக்கு. குந்தாரப்பள்ளிச் சந்தையில் கறவை மாடுகளை ஓட்டிப்போய் விற்று, அண்ணன் கொடுத்ததையும் சேர்த்து, விற்பவர் சொன்ன அக்கவுண்டில் பணம் கட்டியிருக்கிறார். அந்த அக்கவுண்ட் என்னுடையது. கம்ப்யூட்டர் வரவில்லை. எனக்குக் கேமராவுக்கு வந்த பணம் அந்த மாடுகளின் விலை அத்தான்.

நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்பவில்லை. "எனக்கு கம்ப்யூட்டர் வித்தவன் பேரு வெங்கடப்பன். தெலுங்குல நல்லா பேசினான். நீ சொல்றது வேற எவனோ. ரெண்டு பேரும் கூட்டா?" என்றார். போலீசில் என் பெயரில் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தார். அதனால்தான் அக்கவுண்டை முடக்கியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய சம்பளமும் அதற்குள்தான் இருக்கிறது. உள்ளே போகிறது, வெளியே எடுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் செல் அடித்தது. விஜயகுமார்தான். ஸ்பீக்கரில் போடும்மா என்று மேனேஜர் சைகை காட்டினார். என்ன தங்கச்சி, உங்க பேங்கில் ஏதோ பிரச்சினையாமே, வேற அக்கவுண்ட் இருந்தா நம்பர் கொடுங்க, நான் சரி பண்ணித் தர்றேன் என்றான். நாகம்மாவுக்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. என் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தெலுங்கில் ஏதோ கேட்டார். பிறகு அதே குரல் சிரித்துக்கொண்டே தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. என்ன சொன்னான் என்று கேட்டேன். "அந்தப் பொம்பளைதான் உன் பணத்தைத் தின்னுட்டா, அவளைப் பிடின்னு சொல்றான்" என்றார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அதன்பின் நாங்கள் இருவரும் சேர்ந்தே அலைகிறோம். இந்தப் பக்க ஸ்டேஷனில் கேட்டால், பார்சல் போனது கர்நாடகாவுக்கு, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்கிறார்கள். அந்தப் பக்கம் போனால், பணம் போனது தமிழ்நாட்டு பேங்கில், அங்கேயே பாருங்கள் என்கிறார்கள். செக்போஸ்டைத் தாண்டி நடந்து நடந்து நாகம்மா அக்காவின் செருப்பே அறுந்துவிட்டது. கடைசியில் ஓசூரில் ஒரு எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டு இரண்டு பேரிடமும் எழுதி வாங்கினார். மீதிப் பணம் போன அக்கவுண்ட் பொய்ப் பெயரில் திறந்தது என்று அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் கோர்ட் உத்தரவு வரும் வரை என் அக்கவுண்டைத் திறக்க முடியாதாம். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நாகம்மா அக்காவிடம் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், என் மேல் கொடுத்த புகாரையாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பொய் சொல்றவ இல்ல தாயி, எனக்குத் தெரியுது. ஆனா என் கையில இருக்கற சீட்டுல உன் பேருதான இருக்குது. அவன் பேரு எங்க இருக்குது? அதையும் விட்டுட்டா எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை அத்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் இன்னும் கூப்பிடுகிறான். வேறு அக்கவுண்ட் நம்பர் கொடு, அத்தை பெயரில் ஒன்று திற, இல்லாவிட்டால் உன் ரேஷன் கார்டை வைத்து இன்னும் நாலு பேரிடம் பணம் வாங்குவேன், எல்லாம் உன் தலையில்தான் விடியும் என்கிறான். புருஷன் சவுதியில் இருக்கிறார் என்று விற்கும்போது பேச்சுவாக்கில் நானே சொல்லியிருந்தேன். இப்போது அதையும் வைத்துக் கண்டபடி பேசுகிறான். நம்பரை மாற்றிவிடலாம் என்றால் எஸ்.ஐ. வேண்டாம் என்கிறார். அவனைப் பிடிக்க இந்த நம்பர் ஒன்றுதான் வழி, கூப்பிட்டால் வைத்துவிடாதேம்மா, தன்மையாகப் பேச்சை வளர்த்து எங்கே இருக்கிறான் என்று கேள் என்கிறார். அதனால் அவன் கூப்பிடும்போதெல்லாம் எடுக்கிறேன். கொல்லைப்பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். மாமாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான் தாழ்த்துகிறேன். ஆனால் அத்தைக்கு அது எப்படித் தெரியும்? "எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்க. யாருட்டம்மா பேசுத?" என்று முதலில் கேட்டார்கள். டெய்லரிங் சென்டர் டீச்சர் என்றேன். அப்புறம் ஒருநாள் நான் குளிக்கும்போது செல் அடித்திருக்கிறது, அத்தை எடுத்திருக்கிறார்கள். ஆம்பிளைக் குரல். அத்தையின் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அன்றிலிருந்து அத்தை கேட்பதில்லை. பார்க்க மட்டும் செய்கிறார்கள்.

பணம் வரவில்லையா என்று கேட்டார்கள், தாமதமாகிறது என்றேன். நீங்கள் மாதாமாதம் ஒழுங்காக அனுப்புவது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். போனில் உங்களிடம் கேட்டிருப்பார்கள், அனுப்பினேன் என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

போன மாதக் கடைசியில் அந்த லாட்ஜில் விசாரித்து வரலாம் என்று நானும் நாகம்மா அக்காவும் அத்திப்பள்ளிக்குப் போனோம். அக்காவுக்குக் கன்னடமும் நன்றாக வரும், அதனால் அவர் உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். பார்சலை வாங்கியவன் அன்றைக்கே அறையைக் காலி செய்துவிட்டானாம். எங்களுக்கு முன்பே வேறு யாரோ இரண்டு பேர் அவனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டுப் போனார்களாம். அவ்வளவுதான் தெரிந்தது. அந்த வாசலில் நான் நின்ற நேரத்தில் எதிரே நம் தெரு ஆஞ்சப்பன் அண்ணனின் ஆட்டோ நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார். கெட்ட மனுஷர் இல்லை. உங்க மருமகளை அத்திப்பள்ளி லாட்ஜ்கிட்ட பார்த்தேனே, சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா என்று அத்தையிடம் சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார்.

அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நாங்கள் தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது முதலில் அத்தை பேசினார்கள். அடுப்படியில் இருந்த எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு என்னிடம் கொடுத்தார்கள். எப்போதும் சாப்பிட்டியா என்று ஆரம்பிப்பீர்கள். அன்று அதைக் கேட்கவில்லை. அத்திப்பள்ளிக்கு எதுக்குப் போனே என்று கேட்டீர்கள். மாமா நாற்காலியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை பக்கத்தில் நின்றிருந்தார்கள். கேமராவின் பெயரை எடுக்காமல் அதற்கு எப்படி அத்தான் பதில் சொல்வது? அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னது நீங்கள். சும்மாதான் போனேன் என்றேன். சரி என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். ரிசீவரைக் கையில் பிடித்தபடி நான் இன்னும் பேசுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன், அவர்கள் முன்னால்.

அத்தையிடம் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. இப்போது நான் சொன்னால் மாட்டிக்கொண்ட பிறகு கதை கட்டுகிறாள் என்றுதான் படும். கேமராவை ஏன் விற்றாய், யாரைக் கேட்டு விற்றாய் என்றால், உங்கள் மகன்தான் விற்கச் சொன்னார் என்று உங்களைக் காட்டிக்கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த சம்பளத்தை அந்த அக்கவுண்டுக்கு அனுப்பாதீர்கள். மாமா பெயருக்கே அனுப்புங்கள். மருந்துக் கடையில் இந்த மாதம் வரை தவணை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேமரா பில் எங்கே வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள், எஸ்.ஐ. கேட்கிறார்.

பணம் போனால் போகட்டும் அத்தான். ஓசூரில் இல்லாத கம்பெனியா, நானும் ஒரு வேலைக்குப் போகிறேன். எனக்கு நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். இதைப் படித்ததும் வீட்டுக்குப் போன் போட்டு, கேமராவை விற்கச் சொன்னது நான்தான் என்று உங்கள் வாயால் அத்தையிடம் சொல்லுங்கள். மாமாவுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வருத்தத்தை அவர் தாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாரே, அதைத்தான் அவர் தாங்கமாட்டார்.

அதைச் சொல்லி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அத்திப்பள்ளிக்கு எதுக்குப் போனே என்று மறுபடியும் ஒரு தடவை கேளுங்கள். யார் பக்கத்தில் நின்றாலும் இந்த முறை பதில் சொல்கிறேன்.

தலையில் துணி கட்டாமல் வெயிலில் இறங்காதீர்கள். எள்ளுருண்டையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், உங்களுக்கும் எடுத்து வையுங்கள். மலை மேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். எனக்கு நீங்கள் இருந்தால் போதும்.

என்றும் உங்களை நம்பியிருக்கும்,
பூங்கொடி