‘இருக்கலாம்’ என்றால் கோட் கிடையாது

ஜூன் 3
ஆஸ்பத்திரி ஆபீஸில் ஏசி மறுபடி மண்டையைப் போட்டுவிட்டது. டாக்டர் நோயை எழுதுவார், நான் அதற்குரிய கோட் எண்ணைப் போடுவேன், இன்சூரன்ஸ்காரன் எண்ணை மட்டும் பார்ப்பான். இதற்கு வியர்வை வேறு. வீட்டில் அக்காவுக்குக் காய்ச்சல் விடவில்லை.

ஜூன் 5
காலையில் அக்காவின் வாயோரம் காபி வழிந்தது. பாதி முகம் அசையவில்லை. நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள், விசிலில்தான் பிழைப்பு. ஊதினாள். வெறும் காற்று.

“மூஞ்சி போனா போகுதுடா, விசில் போச்சே!”

எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனேன். கழுத்து விறைப்பு. முழங்காலுக்குப் பின்னால் வட்டமாகச் சிவப்பு. உண்ணி கடித்திருக்கும், ட்ரிப்பில் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர்.

ஜூன் 6
இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு இந்த ஊசி எதற்காம்!

சொந்தக்காரர் ஃபைலை நான் தொடக் கூடாது. கோட் போட்டது சூப்பர்வைசர்: காய்ச்சல், முகவாதம். அவ்வளவுதான். ஏனென்றால் டாக்டர் எழுதியது, ‘உண்ணிக்கடித் தொற்றாக இருக்கலாம்.’ வெளிநோயாளிக்கு ‘இருக்கலாம்’ என்றால் கோட் கிடையாது. விதி.

டாக்டர் மாட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு வார்த்தை சேர்ப்பாராம். அதற்காக நாங்கள் நோயையே தூக்கிவிடுவோமாம். நடுவில் என் அக்கா முகம் கோணிக் கிடக்கணும். என்னடா நியாயம் இது?

கத்தினேன். சூப்பர்வைசர் கேட்டார், “தம்பி, நீயா இருந்தா வேற என்ன போட்டிருப்பே?”

அதையேதான். அதுதான் எரிகிறது.

ஜூன் 7
டாக்டரிடம் விளக்கம் கேட்கலாம். ஆனால் நோயின் பெயரைச் சொல்லி ‘இதுவா?’ என்று கேட்கக் கூடாது — அதுவும் விதி. சூப்பர்வைசர் அனுப்பியது: ‘காரணத்தைத் தெளிவுபடுத்தவும்.’ பதில்: ‘ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.’

மேஜையைக் குத்தினேன். கை வீங்கியதுதான் மிச்சம்.

ஜூன் 9
அக்காவே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறக்கக் கூடாதென்று கண்டிஷன். பேன்ட்டைச் சுருட்டினாள். வட்டம் இன்னும் பெரிதாகி, நடுவில் வெளிறியிருந்தது.

“நல்லாப் பாருங்க டாக்டர். உங்களுக்குச் சந்தேகமா, பயமா?”

“ரத்தப் பரிசோதனை இன்னும் வரலைம்மா...”

“அதுல தெரிய நாளாகும், இந்த வட்டமே போதும்னு நீங்கதானே சொன்னீங்க?”

டாக்டர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார். ‘இருக்கலாம்’ இல்லாமல்.

ஜூன் 10
இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டது, ஊசி தொடங்கியாயிற்று. கோபம் தீரவில்லை. அக்கா மாதிரி போய்க் கேட்கத் தெரியாத எத்தனை பேருக்கு ‘காய்ச்சல்’ என்றே போட்டு அனுப்பியிருப்போம்?

ஜூன் 28
வாசலில் சத்தம். பாதி விசில், பாதி காற்று. நாய் படுத்த இடத்தைவிட்டு நகரவில்லை.

“திமிரைப் பாரு கழுதைக்கு,” என்று மறுபடி ஊதினாள்.

ஒரு காது நிமிர்ந்தது.