ஒரு துணைக்கால்

12 ஜூன் 1996, புதன்

காலையில் கடை திறந்ததும் ஒரு அம்மா வந்து மூடி போட்ட நாலு சம்படத்தை மேஜைமேல் வைத்தாள். புதுச் சாமான், பளபளவென்று. நாலும் காந்திபுரத்தில் புதுசாக வந்திருக்கிற அஞ்சு மாடிக் கடையில் வாங்கினது. அந்தக் கடைப் பையிலிருந்தே எடுக்கிறாள், ஒரு கூச்சம் இல்லை. "இதுக்குப் பேரு வெட்டிக் குடுங்க அம்மணி, அங்க ஒரே கூட்டமுங்க" என்கிறாள்.

நான் என்ன கடைக்காரியா, இல்லை அந்த மாடிக் கடைக்குக் கூலிக்காரியா?

இந்த வாரத்தில் இது ஆறாவது ஆள். துடியலூரில் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் எவர்சில்வர் கடை. கொள்முதல் அவர் பார்ப்பார், என் வீட்டுக்காரர் கோவிந்தராஜுலு. விற்கிறது நான். பேர் வெட்டுவதும் நான். எங்களிடம் வாங்கின பாத்திரத்துக்குப் பேர் இனாம். அதுக்காகவே காரமடையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. முன்பு உளியும் சின்னச் சுத்தியும், இப்போது கரண்ட் மெஷின், பேனா மாதிரி பிடித்து எழுதுவது. ஒரு எழுத்துப் பிசகியதில்லை. பிசகினால் அழிக்க முடியாதே. பாத்திரம் இருக்கிற வரைக்கும் தப்பும் இருக்கும்.

"வெட்டிக் குடு லட்சுமி. இன்னைக்குப் பேரு வெட்ட வந்தவ நாளைக்குச் சாமான் வாங்க வருவா" என்கிறார் அவர். வருவா, வருவா.

வெட்டிக் கொடுத்தேன். மனசு ஆறவில்லை.

14 ஜூன், வெள்ளி

பக்கத்து வளையல் கடை ஜன்னத் அந்த மாடிக் கடைக்குப் போய்விட்டு வந்தாள். லிப்ட் இருக்கிறதாம். "சும்மாவே மூணு தடவை ஏறி எறங்குனேன் அக்கா" என்கிறாள். இவளும் ஒரு கடைக்காரிதான்.

27 ஜூன், வியாழன்

நல்ல நாள். பாவாத்தாள் வந்தாள். எங்கள் மாமனார் தோட்டத்தில் களை எடுத்தவள், இப்போது மில்லில் வேலை. மகள் கிருபாவுக்கு ஆவணியில் கல்யாணமாம், மாப்பிள்ளை பல்லடத்தில் தறி ஓட்டுகிறான். வழக்கம்போலக் கடைப் படிக்குக் கீழேயே நின்றாள். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். அண்டா, குடம், தாம்பாளம், தூக்குப்போசி. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"சீர் சாமான் பூராவும் உங்க கடைலதானுங்க அம்மணி. ஆடி போகட்டுமுங்க, அவரையும் கூட்டிக்கிட்டு வாரனுங்க." அவர் என்றால் மாரப்பன், அவள் புருஷன்.

நாற்பது உருப்படியாவது போகும். இந்த ஒரு கல்யாணம் போதும், ஆவணியில் கடை நிமிர்ந்துகொள்ளும். அண்டாவில் நல்லதாக ஒன்றை அவளுக்கென்று பின்கட்டில் எடுத்து வைத்துவிட்டேன்.

18 ஜூலை, வியாழன்

ஆடித் தள்ளுபடியாம். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் கடை வாசலிலேயே நின்று கத்துகிறான். அண்டா வாங்கினால் குடம் சும்மாவாம். சும்மா கொடுக்கிறவன் எதுக்குக் கடை வைக்கிறான், சத்திரம் கட்டட்டுமே.

நானும் பலகை எழுதி மாட்டிவிட்டேன். "வேறு கடையில் வாங்கிய பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டப்படாது." அவர் பார்த்தார். கோணலாக இருந்ததை நேராக்கிவிட்டு உள்ளே போனார். மைக் சத்தத்தைவிட அது எரிச்சல்.

இன்று விற்றது ஒரே ஒரு கரண்டி. அதையும் சாயங்காலம் கைப்பிடி கோணல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள் ஒருத்தி.

19 ஜூலை, வெள்ளி

ரெண்டு பேர் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். போகட்டும்.

21 ஆகஸ்ட், புதன்

ஆவணி பிறந்து அஞ்சு நாள்கூட ஆகல.

பஸ் ஸ்டாப் எங்க கடைக்கு நேர் எதிர. பாவாத்தாளும் மாரப்பனும் எறங்குறாங்க. கையில, தலையில, இடுப்புல, எல்லாத்துலயும் அந்த மாடிக் கடைப் பை. மறைக்கணும்னுகூடத் தோணல. ஜன்னத் வெளிய வந்து நின்னு வேடிக்க பாக்கறா, என் மூஞ்சியயும் பாக்கறா.

எத்தன வருசப் பழக்கம். எங்க ஊட்டுத் தோட்டத்துல சோறு தின்னவ. அந்தப் புள்ள கிருபா பொறந்தப்ப பால் குடுக்கற சங்குல பேரு வெட்டிக் குடுத்தவ நான். "உங்க கடைலதானுங்க அம்மணி"ன்னு சொன்ன வாய் எங்க போச்சு? வாங்கலீன்னா வாங்கலீன்னு சொல்லோணும். எடுத்து வெச்ச அண்டாவப் பாக்கப் பாக்க வயிறு எரியுது.

அவர் சொல்றார், "விடு." எதைத்தான் விடாம இருக்கோம்?

23 ஆகஸ்ட், வெள்ளி

நிதானமாக எழுத வேண்டும்.

மத்தியானம் பாவாத்தாள் வந்து நின்றாள். தலையில் ஒரு மூட்டை. பின்னால் மாரப்பன், அவன் தலையிலும் ஒன்று. அவிழ்த்து ஒரு தாம்பாளத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிப் படித்தேன்.

"கிருபாவுக்கு அன்புடன் மாரப்பன் – பாவத்தாள்."

பாவாத்தாள் இல்லை. பாவத்தாள். நடுவில் ஒரு துணைக்கால் போச்சு, பெற்றவள் பாவம் பண்ணினவளாகிவிட்டாள். அடுத்ததை எடுத்தேன், அதுவும் அப்படியே. நாற்பத்து மூன்று சாமானும் அப்படியே. மாடிக் கடையில் பேர் வெட்டுகிறவன் எந்த ஊர்க்காரனோ, இப்படி ஒரு பேரைக் கேட்டதே இல்லை போல.

இவர்கள் ரெண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. ரெண்டு நாளாக எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். நேற்று கிருபா படித்துவிட்டு அழுதிருக்கிறாள். நாளை மறுநாள் கல்யாணம், சீரைப் பரப்பி வைத்தால் பல்லடத்துச் சனம் பூராவும் படிக்குமே. கடைக்கே திருப்பிக் கொண்டுபோனால், பேர் வெட்டின சாமானை மாற்றித் தர மாட்டோம், சரிபண்ணணும் என்றால் ஒரு வாரம் கழித்து வாங்க என்று அனுப்பிவிட்டார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்க மாட்டேன், இது என் நோட்டு. வாய்விட்டே சிரித்தேன். "அஞ்சு மாடி ஏறிப்போயி பாவத்தாளாயிட்டு வந்திருக்கே" என்றேன். படிக்கத் தெரியாதவளுக்குப் பலகையையும் படித்துக் காட்டினேன். சத்தமாக, ஜன்னத் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.

எனக்கு அடங்கவில்லை. "ஏன் அங்க போனே? உனக்கு நான் என்ன கொறை வெச்சேன்? ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துக் காட்டலையா உனக்கு?"

நிமிர்ந்து பார்த்தாள். "கொறை ஒண்ணுமில்லீங்க அம்மணி. நீங்க எடுத்துக் காட்டுனீங்க. அங்க நானே கையில எடுத்துப் பாத்தனுங்க."

அவ்வளவுதான் சொன்னாள், படிக்குக் கீழே நின்றுகொண்டு.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிஞ்சதும் இன்னும் கோவம் வந்துச்சு. அந்தப் படிய நானா கட்டுனேன்? நானா அவளக் கீழ நில்லுன்னேன்? மாமியார் காலத்துல இருந்து அவங்க சனம் அங்கதான் நிக்கும். ஏறாதேன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல.

ஏறி வான்னும் சொன்னதில்ல.

அதற்குள் அவர் மெஷினை எடுத்து வந்து என் முன்னால் வைத்து பிளக்கைச் சொருகினார். தாம்பாளத்தைத் திருப்பிப் பார்த்தார். "எழுத்துக்கு நடுவுல எடமே இல்லையே. காலை எங்க போடுவே?" என்றார்.

"போடறேன்" என்றேன்.

ஊசி நுழைகிற இடம். மெல்லிசாக, நெட்டுக்குத்தாக, நாற்பத்து மூன்று துணைக்கால். கூலி வேண்டாம் என்றுவிட்டேன். அது தருமம் இல்லை, திமிர். அஞ்சு மாடிக்காரனால் ஆகாதது என் கையால் ஆகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வெயில் இறங்குகிற வரைக்கும் ரெண்டு பேரும் படிக்குக் கீழேயே நின்றார்கள். அப்போதாவது உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? கோபம். கோபம் என்றுதான் இப்போதைக்கு எழுதி வைக்கிறேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கல்யாணத்துக்கு அவர் மட்டும் போய் வந்தார். "நீ போட்ட காலு மொதல்லயே இருந்த மாதிரி இருக்குது. ஒருத்தருக்கும் தெரியல" என்றார். யாருக்கும் தெரியாமல் போனதுக்கு நான் சந்தோஷப்படவா, வருத்தப்படவா?

9 செப்டம்பர், திங்கள்

மாடிக் கடை மேனேஜர் காரில் வந்து இறங்கினான். கழுத்தில் டை, முப்பது வயசு இருக்கும். கல்யாணம் முடிந்த கையோடு மாரப்பன் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் அங்கே சத்தம் போட்டிருக்கிறான். தட்டை வாங்கின இந்த மேனேஜர் நான் போட்ட காலைப் பார்த்துவிட்டு, இது யார் கை என்று விசாரித்து வந்திருக்கிறான்.

"இந்தப் பக்கத்துப் பேரெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் எங்களுக்கு வேணும் மேடம். கீழ் மாடியில, லிப்ட் பக்கத்துலயே உங்களுக்குத் தனி கவுண்டர்" என்றான்.

"எங் கடைய முழுங்கிப்போட்டு இப்ப எங் கையையும் கேக்கறீங்களாங்க? போயிட்டு வாங்க" என்றேன். காப்பிகூடக் கொடுக்கவில்லை. அவர் உள்ளே டம்ளரை எடுத்தார், முறைத்தேன், வைத்துவிட்டார்.

இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். அவ்வளவு கோபத்திலும் அவனுக்கு "ங்க" போட்டுத்தான் பேசியிருக்கிறேன். முன்னே பின்னே தெரியாதவன்.

11 நவம்பர், திங்கள்

தீபாவளி முடிந்தது. எங்கள் கடைக்கு வராமலே முடிந்தது.

போன வாரமே என் பலகையை அவர் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். நான் சண்டை போட்டேன், பிறகு மாட்டவும் இல்லை. அதுக்கப்புறம் வந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் பேர் வெட்டத்தான் வந்தார்கள், அந்தப் பையோடு. "நீங்க வெட்டுனாத்தானுங்க பேரு பேரா இருக்குது" என்கிறாள் ஒருத்தி, சிரித்துக்கொண்டு. அப்போ என் சாமான் சாமானாக இல்லையா? அதே கம்பெனிச் சரக்குத்தானே?

ஜன்னத் வளையல் கடையை மூடிவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. திட்டுவதற்கும் இல்லை.

5 ஜனவரி 1997, ஞாயிறு

கடையைக் காலி செய்தாயிற்று. எஸ்.டி.டி. பூத் வருகிறது, அவரே உட்காரப் போகிறார். கண்ணாடிக்கூண்டு அளவெடுக்க ஆள் வந்து, பேர் வெட்டுகிற மேஜை இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனான்.

மிச்சச் சாமானை மொத்தமாக எடுத்துக்கொண்டது யார்? அந்த மாடிக் கடைதான். டெம்போவில் ஏற்றுகிறபோது பாவாத்தாளுக்கு எடுத்து வைத்த அண்டா கடைசியாகப் போனது. எங்கிட்ட இருந்தா விக்காது, அங்க போய் அடுக்கி வெச்சா விக்குமாம். என்ன நியாயம் இது?

மேனேஜர் கிளம்புகிற நேரத்தில், "அந்த வேலை இன்னும் இருக்குது மேடம்" என்றான். கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றேன்.

எவ வாயோ, என் வாய் இல்லை அது.

20 ஜனவரி, திங்கள்

சேர்ந்துவிட்டேன். நீலச் சேலை கொடுத்தார்கள். வெங்கடலட்சுமி நீளமாக இருக்கிறதாம், குத்திக்கொள்ளும் அட்டையில் "லட்சுமி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். பேர் வெட்டுகிறவள் பேரையே வெட்டிப்போட்டார்கள்.

21 ஜனவரி, செவ்வாய்

கவுண்டரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது, வருகிற ஆளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று. "வாங்க. உக்காருங்க. பேர் என்னங்க?" நாற்பத்தாறு வயசில் எனக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

லிப்டில் நான் இன்னும் ஏறவில்லை. ஏறவும் மாட்டேன்.

19 பிப்ரவரி, புதன்

இன்று பாவாத்தாள் வந்தாள்.

தூரத்திலேயே பார்த்துவிட்டேன். கையில் ஒரு சொம்பு, ஒரு சின்னக் கிண்ணம். கிருபா முழுகாமல் இருக்கிறாளாம். என்னை நீலச் சேலையில் பார்த்ததும் நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று நினைத்தேன். போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

வந்தாள். "உங்க கடைலயே வாங்கியிருப்பனுங்க அம்மணி. நீங்க மூடிப்போட்டீங்களேங்க" என்றாள்.

எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஒருத்தர் விடாம, வந்து நின்னு, நான்தான் மூடிப்போட்டேனாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தான். எதிரே அட்டை.

"வாங்க" என்றேன். "உக்காருங்க."

அட்டைக்காகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் ரெண்டு பேருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள். முப்பது வருஷப் பழக்கம், அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"பேர் என்னங்க?"

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"சொல்லோணுமுங்க. நீங்க சொன்னாத்தான் வெட்டுவேன்."

"பாவாத்தாளுங்க" என்று நிறுத்திச் சொன்னாள், அந்த "வா"வை நீட்டி.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். இருக்கிறது. மாடிக் கடை மேல் இருக்கிறது, என் கடைக்கு வராத ஊர் மேல் இருக்கிறது. அந்தப் படி மேலும் கொஞ்சம் இருக்கிறது, இப்போது அங்கே போன் பேச வருகிறவர்கள் எல்லாரும் ஏறி இறங்குகிறார்கள்.

கிண்ணத்தைப் பிடித்து வெட்டினேன். ஒவ்வொரு எழுத்தும் நிறுத்தி. "வா"வின் காலை மட்டும் ரெண்டு தடவை ஓட்டினேன், ஆழமாக. துடைத்து நீட்டினேன்.

அவள், அவங்க, கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தாங்க.