கொட்டை எழுத்து

ஏங்க,

முழுத்தாள்ல கொட்டை எழுத்துல எழுதியிருக்காளேன்னு முகத்தைச் சுளிக்காதீங்க. பழைய பில்லுக்குப் பின்னாடி பொடியா எழுதுறது இன்னைக்கு வேண்டாம்.

குழம்பு அடுப்பு மேல இருக்கு. ஒரு தரம்தான் சுட வைக்கணும், உங்க சட்டம்தான்.

நேத்து நான் தூங்குறப்ப ஃபேனை அணைச்சீங்க, கத்தினேன். கத்தினது சரிதான். "கஞ்சப்பிசினாரி"ன்னு சொன்னதுதான் தப்பு.

காலைல சாவி தேடுறப்ப உங்க டிராயர்ல கண் டாக்டர் உங்களுக்கு எழுதிக் குடுத்த சீட்டு கிடைச்சுது. போன வருஷத் தேதி! பொண்ணுக்குக் கண்ணாடி வாங்கின அன்னைக்கு, "எனக்குப் பார்வை பளிச்சுன்னு இருக்கு"ன்னு சொன்னீங்களே!

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கண்ணாடிக் கடை வாசல்ல நிப்பேன். வரலைன்னா உங்க தங்கச்சிகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்.

பி.கு: மாடிப்படி லைட்டை நான் மறந்துட்டுப் போகல. நீங்க பத்திரமா இறங்கினப்புறம் அணைச்சுக்கோங்க.