கியர் டி-யில் இருந்தது

இன்று காலை உன் வீட்டு வாசலில் ஒரு கார் கிளம்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. உன் வீடு என்றுதான் இன்னும் என் வாயில் வருகிறது. நீ போன பிறகு அங்கே ஒரு டீச்சர் வாடகைக்கு வந்திருக்கிறாள். "ஆன்டி, காடி ஸ்டார்ட் ஆவல, கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா?" என்று நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலிக்கு மேலிருந்து கூப்பிட்டாள். போனேன். கண்ணாடி வழியாக நான் முதலில் பார்த்தது கியரைத்தான். ஒழுங்காக பி-யில், பார்க்கிங்கில் இருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன். டிக் டிக் என்றது. பேட்டரிதான். என் காரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி, கேபிளை மாட்டிக் கிளப்பிக் கொடுத்தேன்.

எப்படித் தெரியும் என்று கேட்டாள். கிள்ளானில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றவள் என்று மட்டும் சொன்னேன். ஏன் முதலில் கியரைப் பார்த்தேன் என்பதைச் சொல்லவில்லை. அது உனக்குச் சொல்ல வேண்டியது. நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

அந்தக் கவுண்டரில் நின்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன். விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா, டாங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டே பாதி வியாதியைச் சொல்லிவிடுவேன். காலையில் இழுத்து இழுத்துக் கிளம்பினால் அன்றைக்கே பேட்டரியை மாற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். என் கார் ஒரு வாரமாக இழுத்து இழுத்துத்தான் கிளம்பியது. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் வாசலுக்கு ஓடிச் சாவியைத் திருப்பினேன். டிக் டிக். மறுபடி டிக் டிக். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நீ ஓடி வந்தாய்.

எதிர்வீட்டுக்காரரும் நாமும் சேர்ந்து தூக்கி, உன் காரில் கொண்டுபோனோம். ஹாரனில் வைத்த கையை நீ எடுக்கவே இல்லை. அவர் பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையோடு நான் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டேன். காரைத் தொடவில்லை. அதன் மேல் மாமர இலை விழுந்து மக்கிக் கிடந்தது.

மூன்று மாதம் பொறுத்தாய். பிறகு என்னைக் கேட்காமலே பேட்டரிக்காரரை வரவழைத்து என் காரில் புதிதாக ஒன்றை மாட்டிவிட்டாய். இரண்டு நாள் உன்னோடு பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில், ஒன்றுமே நடக்காததுபோல வந்து நின்றாய். பிரிக்பீல்ட்ஸ் போய் ரவிக்கைத் துணி வாங்க வேண்டும், உன் கார் கிளம்பவில்லை, நான் என் காரை எடுத்து வந்து கேபிள் மாட்டி ஜம்ப் போட்டு விட வேண்டும் என்றாய்.

வேறு யாரையாவது கூப்பிடு என்றேன். "யாரைக் கூப்பிடுறது? கல்யாண வீட்டுக்குத் தைக்கிற ரவிக்கைடி, இன்னைக்கே வெட்டணும் லா," என்றாய்.

வேண்டாவெறுப்பாக வந்து உன் காருக்குள் எட்டிப் பார்த்தேன். முகப்பு விளக்கு எல்லாம் பளிச்சென்று எரிகிறது. நீ சாவியைத் திருப்புகிறாய், ஒரு முனகல்கூட இல்லை. கியர் ஓட்டும்போது வைக்கிற டி-யில் இருக்கிறது. டி-யில் வைத்துக்கொண்டு எந்த ஆட்டோமேட்டிக் காரைக் கிளப்ப முடியும்? இதை யாரிடம் வந்து நடிக்கிறோம் என்றுகூட நீ யோசிக்கவில்லை. கியரை பி-க்குத் தள்ளுடி என்று வாய்வரை வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை எழுதப்போகிறவள் மாதிரி வியர்த்திருந்தாய். திரும்பிப் போய் என் காரில் உட்கார்ந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது. உன் காருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, உட்கார்ந்தபடியே அழுதேன். நீ பானட்டைத் திறந்து அதன் பின்னால் நின்றுகொண்டு, கேபிளோடு மல்லுக்கட்டுவதுபோல வெகுநேரம் மறைந்திருந்தாய். அப்புறம் கமுக்கமாகக் கியரைத் தள்ளி உன் காரைக் கிளப்பினாய். கிளம்பியதும் அணைத்துவிட்டு, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது, நீயே கொண்டுபோய் விடு என்றாய். பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை! ஒரு வாரம் எண்ணெய் இல்லை என்றாய். இன்னொரு வாரம் ஸ்டார்ட்டர் போய்விட்டது, ஆனால் ஜம்ப் போட்டால் சரியாகிவிடும் என்றாய். ஸ்டார்ட்டர் போனால் எத்தனை கேபிள் போட்டாலும் கிளம்பாதடி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இப்படி வெள்ளிக்கிழமைகள் தொடங்கிய நாலாவது மாதம் மறுபடி கவுண்டருக்குப் போனேன். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியாமலே போய்விட்டது. சொன்னால் வெள்ளிக்கிழமை நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. அப்போது காரணம் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. சிகிச்சைக்கு நான்தான் உன்னைக் கூட்டிப்போனேன். கடைசியாகப் போன அன்று, பெடரல் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னாய்.

"அன்னைக்கு நீ வெளிய சாவியைத் திருகிக்கிட்டு இருந்தே. நான்தான் முதல்ல உள்ள போனேன். அவருக்கு மூச்சு இல்லடி. நீ காடிகிட்ட போறதுக்குள்ளயே முடிஞ்சு போயிருக்கணும். காடி கிளம்பியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்கிற ஆறுதலாவது உனக்கு இருக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் சொன்னா, உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்றேன்னு நெனச்சுக்குவே."

நீ பொய் சொல்லும்போது உன் உதட்டோரம் லேசாக இழுக்கும். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பக்கமும் லோரி, சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. அங்கே பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. நேரே விளக்கையே பார்த்துக்கொண்டு, சரிடி என்றேன். பச்சை விழுந்ததும் எடுத்தேன்.

அன்றிலிருந்து நீ சொன்னதை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.