லாய்தூருக்கு ஓர் ஆடு

மார்ச் 4, செவ்வாய்

லாய்தூரில் மூன்றாவது நாளாக மின்சாரம் இல்லை. லொஸ்பாலோஸ் போகிற பேருந்து அச்சு முறிந்து ஆற்றங்கரையில் நிற்கிறது. பெரியவர் அகாபிட்டோவின் எருமையைக் காணவில்லை. வலது கொம்பு மடங்கியது, பார்த்தவர்கள் சொல்லவும்.

ஊர் ரேடியோவில் ஒலிந்தா வாசிப்பதை யாரோ பேஸ்புக்கில் ஏற்றிவிடுகிறார்கள். இங்கே பிலிப்பைன்ஸில், இலோய்லோவில், என் தங்கை அமெலித்தாவின் நூடுல்ஸ் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, பூண்டு உரித்துக்கொண்டே கேட்கிறேன். அவளுக்கு எரிச்சல். "கிழக்குத் திமோர்ல எவனோ எருமையைத் தொலைச்சா உனக்கென்னக்கா? நம்ம ஊர்ல மேயர் எலெக்ஷன் வருது, அதைக் கேளேன்."

கேட்க மாட்டேன். பதினோரு வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த எருமையின் தாயை எனக்குத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

எருமை கிடைத்துவிட்டது. பங்குச் சாமியார் வீட்டு மரவள்ளித் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்ததாம்.

மார்ச் 11, செவ்வாய்

பேனா தாளைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான், வயதால் அல்ல.

கரையோரப் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள். பேருந்துச் செய்தி வாசிக்கிற அதே குரலில் ஒலிந்தா இதையும் வாசித்தாள். படகுத்துறை கட்ட வந்திருக்கும் கம்பெனிக்கு இரும்பும் சிமெண்டும் போட்டுவைக்க இடம் வேண்டுமாம். பிள்ளைகள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாமாம். நடுவில் ஆறு இருக்கிறதே, மழை பெய்தால் அதை யார் தாண்டுவது? ஆறு வயதுப் பிள்ளையா?

ஊர்த்தலைவர் சம்மதம் கொடுத்துவிட்டாராம். ஊர்த்தலைவர் யார்? செபெரினோ. என் மூன்றாவது பெஞ்சு செபெரினோ. பின்னக் கணக்கு என்றால் வயிற்றுவலி வந்துவிடும் செபெரினோ.

செய்திக்குக் கீழேயே அவர்கள் பாஷையில் எழுதினேன்: "செபெரினோ, உன் தலையில் மூளை இருக்கிறதா, மரவள்ளிக்கிழங்கா? அந்த ஆற்றில் அடித்துக்கொண்டு போகப் பார்த்தவன்தானே நீ? இப்போது மற்ற பிள்ளைகளை அனுப்புகிறாயா?"

மார்ச் 12, புதன்

ஊரே சிரித்திருக்கிறது. ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. முகத்துக்குப் பதில் மோட்டார் பைக் படம் வைத்திருப்பவன். "வெளிநாட்டுக் கிழவி, உனக்கு இங்க என்ன வேலை? உன் நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பாரு."

கிழவி என்றதில் கோபமில்லை, கண்ணாடி பார்க்கிறவள்தான் நான். வெளிநாட்டு என்றானே, அது பழைய புண்ணிலேயே போய்க் குத்தியது.

அங்கே தடை கட்டுவது என்று ஒரு வழக்கம். ஊர் கூடி ஒரு கம்பம் நட்டு, தென்னங்கீற்றும் எருமைக் கொம்பும் தொங்கவிட்டு, இதைச் செய்யாதே என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். யார் மீறினாலும் தண்டம். நான் போன ஐந்தாம் வருஷம், கோயில் சமையல்காரி மார்செலினாவும் நானும் தெரியாமல் தடை கட்டிய தோப்பில் இளநீர் பறித்துவிட்டோம். மார்செலினாவிடம் ஆடு வாங்கினார்கள். என்னிடம் கேட்கவே இல்லை. "நீங்க விருந்தாளி டீச்சர். விருந்தாளிக்குத் தண்டம் கிடையாது" என்று பணிவாகச் சொல்லி, பறித்த இளநீரையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்கப்புறமும் ஆறு வருஷம் இருந்தேன், விருந்தாளியாகவே.

மோட்டார் பைக்குக்குப் பதில் எழுதிவிட்டேன்: "முதலில் உன் முகத்தைக் காட்டு. அப்புறம் என் ஊர் எது என்று பேசலாம்."

மார்ச் 15, சனி

இன்றும் எழுதினேன். நாளையும் எழுதுவேன். ஆறு, மழை, பிள்ளைகள். அலுக்கட்டும்.

மார்ச் 19, புதன்

டோமிங்காஸ் போன் செய்தாள். என்னிடம் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"பெர்பெத்துவா டீச்சர், நீங்க எழுதினதையெல்லாம் ஒலிந்தா ரேடியோல வாசிச்சுட்டா. மரவள்ளிக்கிழங்கையும் விடல. செபெரினோவை இப்ப அவன் பொண்டாட்டியே கிழங்குன்னுதான் கூப்பிடுறா."

"நல்லா கூப்பிடட்டும். அந்த மோட்டார் பைக் யாரு?"

"ஜோவானிக்கோ. பெட்ரோல் விக்கிறான்ல, கம்பெனி வந்தா அவனுக்கு யோகம். சிரிக்காதீங்க டீச்சர், இங்க ஊரு ரெண்டாயிடுச்சு. வேலை கிடைக்கும்னு பாதிப் பேரு, பள்ளிக்கூடம் வேணும்னு பாதிப் பேரு. அண்ணன் தம்பி முகம் பாக்கறதில்ல."

"நீ எந்தப் பாதி?"

"நான் சம்பளம் வாங்குறவ. என் வாயைக் கிளறாதீங்க."

"சரி, உன் வாயை மூடிக்க. என் வாய் திறந்துதான் இருக்கு."

அமெலித்தா கடைக்குள்ளிருந்து கத்தினாள்: "அது ஊருக்கே தெரியும்."

மார்ச் 23, ஞாயிறு

தடை கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூட வாசலிலேயே கம்பம். ஈஸ்டர் கழிந்து ஊர்க்கூட்டம் முடிவு சொல்லும்வரை ஒரு கம்பி, ஒரு மூட்டை சிமெண்டு உள்ளே வரக்கூடாது. சண்டை முற்றுவதால் இன்னொன்றும் சேர்த்திருக்கிறார்கள்: இந்த விஷயத்தில் யாரும் யாரையும் பொதுவில் வையக்கூடாது. மீறினால் ஓர் ஆடு. செபெரினோவே ஏறிக் கொம்பைக் கட்டினானாம்.

உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறான்.

ஏப்ரல் 2, புதன்

பார்த்தேன். போட்டோவே போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் சிமெண்டு லாரி. பக்கத்தில் செபெரினோ, டிரைவர் நீட்டிய சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறான். பின்னால் அவன் கையாலேயே கட்டிய கம்பம்.

"ஒரு சிகரெட்டுக்குப் பள்ளிக்கூடத்தை விற்ற பன்றி" என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

"தவக்காலத்துலயாவது வாயைக் கட்டேன்க்கா," என்றாள் அமெலித்தா.

நான் இறைச்சியைத்தான் விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஐயோ. லாரியை மறித்தவனே அவன்தானாம். விடியற்காலையிலிருந்து வாசலில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் டிரைவர் அலுத்துப்போய், சமாதானமாக ஒரு சிகரெட் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான். அந்த நேரத்தில் யாரோ எடுத்த படம். ஊரும் ரேடியோவும் பேசிப் பேசி அவன் மனசு மாறியிருக்கிறது, அது எனக்கு எப்படித் தெரியும்?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதே இடத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பன்றியை மட்டும்தான் திரும்ப வாங்கிக்கொண்டேன். கிழங்கு அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டோமிங்காஸ் இழுத்து இழுத்துப் பேசினாள். சாப்பிட்டீங்களா, முட்டிவலி எப்படி இருக்கு. என்னடி விஷயம் என்றேன்.

"நேத்து ஊர்ப் பெரியவங்க சபை கூடிச்சு டீச்சர். உங்க மேல பிராது. தடையை மீறி ஊர்த்தலைவரை வைஞ்சதுக்கு."

"சரி."

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அவங்க வேற நாடு, வயசானவங்க, மன்னிப்பும் கேட்டுட்டாங்க, விட்டுடலாம்னு. ஜோவானிக்கோவும் அதையேதான் சொன்னான். அந்தம்மா வெளியாளு, வெளியாளுக்கு ஏது தண்டம்னு. செபெரினோதான் எந்திரிச்சு நின்னுட்டான். 'தடை கட்டினப்ப ரேடியோல கேட்டாங்கல்ல? தெரிஞ்சுதானே மீறினாங்க? எங்கம்மா மீறினாலும் ஆடுதான். டீச்சரும் ஆடு கட்டட்டும்'னுட்டான். பெரியவங்களும் தலையாட்டிட்டாங்க."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"டீச்சர்? கோவமா? வேணும்னா பேசிக் கோழியாக் குறைக்கச் சொல்லட்டுமா?"

"கோழியாக் குறைச்சே, கப்பலேறி வந்து உதைப்பேன்."

போனை வைத்தபின் அமெலித்தா பிடித்துக்கொண்டாள். "இது பகல்கொள்ளைக்கா. கடல் தாண்டி ஆடு கேக்குற கூட்டத்தை நான் பாத்ததேயில்ல. அந்த நம்பரையே பிளாக் பண்ணு."

"கேட்டாங்க பாத்தியா," என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "என்கிட்ட கேட்டாங்கடி."

ஏப்ரல் 9, புதன்

செபெரினோவிடமிருந்து குரல் பதிவு. குரல் நன்றாகத் தடித்திருக்கிறது.

"டீச்சர், நல்லாயிருக்கீங்களா. கொம்பு முளைச்ச ஆடா இருக்கணும். குட்டி, நொண்டி, கிழடு எதையும் சபை ஏத்துக்காது. ஈஸ்டர் முடிஞ்சு கட்டினா போதும். அப்புறம் ஒரு விஷயம். ஆத்துல அடிச்சுக்கிட்டுப் போனது நானில்ல, என் தம்பி. நீங்கதான் செருப்போட இறங்கி இழுத்துட்டு வந்தீங்க. அதை மட்டும் சரியா எழுதுங்க."

பதிலுக்கு நானும் பேசி அனுப்பினேன்: "ஆடு வரும். பின்னமா வராது, முழுசா வரும்."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

முட்டிவலி. செய்தி ஏதும் இல்லை. ஒலிந்தாவும் கோயிலில் இருப்பாள்.

ஏப்ரல் 26, சனி

இன்று லாய்தூரில் ஊர்க்கூட்டம். நான் அனுப்பிய பணத்தில் அகாபிட்டோவிடமே ஆடு வாங்கிக் கட்டிவிட்டாள் டோமிங்காஸ். கொம்பை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள், திருப்தி.

தண்ட ஆட்டை எல்லோரும் சேர்ந்து தின்னவேண்டும், தண்டம் கட்டியவளும் தின்னவேண்டும். இல்லாவிட்டால் சண்டை தீர்ந்ததாக அர்த்தமில்லை. கடல் தாண்டி இருப்பவள் என்ன செய்ய? சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கி அமெலித்தாவிடம் கொடுத்தேன். இந்த வயசில் என்னென்ன கூத்தெல்லாம் பார்க்கவேண்டியிருக்கிறது என்று புலம்பிக்கொண்டே தக்காளி போட்டுச் சமைத்தாள். அவர்கள் உட்கார்ந்த அதே நேரத்தில் நானும் உட்கார்ந்தேன். டோமிங்காஸ் போனை அண்டாவுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரே புகை. புகைக்குள்ளிருந்து ஒரு கை வந்து கறியை அள்ளியது.

"டீச்சர், உப்பு போதலை," என்றது செபெரினோவின் குரல்.

"இங்கயும் போதலை," என்றேன்.

அமெலித்தா முறைத்தாள். ஆனால் தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒலிந்தா வாசித்தாள். பேருந்துக்கு அச்சு மாற்றியாகிவிட்டது, திங்கள் முதல் ஓடும். படகுத்துறைச் சாமான்கள் பழைய உப்புக் கொட்டகை நிலத்துக்குப் போகும். கரையோரப் பள்ளிக்கூடம் நாளை வழக்கம்போல் நடக்கும், பிள்ளைகள் தலை சீவிக்கொண்டு வரவும்.

தடையை மீறிய லாய்தூர்க்காரர்கள் மூன்று பேர் தண்டம் கட்டினார்கள்: சிமெண்டு லாரிக்கு வழி காட்டிய ஜோவானிக்கோ, அண்ணனை வைத துவார்த்தே, ஊர்த்தலைவரை வைத பெர்பெத்துவா. மேட்டுத் தெருவில் ஒரு பெட்டைக்கோழியைக் காணவில்லை.

பூண்டை அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. அமெலித்தா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா? என்ன சொல்றாங்க அங்க?"

"ஒண்ணுமில்லடி, எங்க ஊர்ச் செய்திதான்," என்றேன். "கோழி ஒண்ணைக் காணோமாம்."